தட்டில் மிஞ்சியது

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போகுமுன், டெய்லரம்மா தன் தட்டைத் துடைத்து வைக்க எடுத்தாள். அந்தப் பட்டறையில் ஆளுக்கொரு தகரத் தட்டு உண்டு. வண்டியிலிருந்து கழற்றுகிற நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் அதில்தான் விழ வேண்டும். வண்டி முழுசாகும்போது தட்டு காலியாக வேண்டும். இவள் தட்டின் ஓரத்தில், கிரீஸோடு கிரீஸாக ஒரு ஸ்பிளிட் பின் ஒட்டிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி மாதிரி இரண்டு காலுள்ள சின்னக் கம்பி. பின்சக்கரத்து அச்சு நட்டு ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடாதபடி, அதன் குறுக்கே செருகிக் கால்களை மடக்கிவிடுவார்கள். அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடத்தான் செய்யும். எவ்வளவு தூரம் ஓடும் என்பதை மட்டும் யாரும் சொல்ல முடியாது.

காலையிலிருந்து அவள் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டியது ஒரே ஒரு வண்டிக்குத்தான். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவருடைய வண்டி. புது பிரேக் ஷூ போட்டுக்கொண்டு, "சாயங்காலம் பிள்ளைங்கள ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்மா, நல்லா நிக்கும்ல?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"கல்லு மாதிரி நிக்கும்ணே" என்று இவளும் வாய் நிறையச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

டெய்லரம்மா என்பது பட்டறை வைத்த பெயர். தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். கம்பெனிக்குப் பூட்டு விழுந்ததும், தையல் மிஷினை யார் உதவியும் இல்லாமல் பிரித்துப் பூட்டுகிற கைதானே, மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று பயிற்சி நிலையத்தில் போய்ச் சேர்ந்தாள். அங்கே கற்றுக்கொடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஒரு தடவ மடக்கின ஸ்பிளிட் பின்ன மறுபடி மடக்காதீங்க. கம்பிக்கும் மனசு விட்டுப் போயிடும்." அதனால் ஒரு தீப்பெட்டி நிறையப் புதுப் பின்களை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்கே வந்தாள்.

பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி நிறுத்தி வேலை செய்கிறவனுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. அவனுக்குப் பட்டப்பெயர் சைலன்சர். சைலன்சர் கழன்ற வண்டி மாதிரி நாளெல்லாம் சத்தம் போடுகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? "ஏன் டெய்லரம்மா, பின்னெல்லாம் மேட்சிங்கா எடுத்தீங்களா? பழச நிமுத்தி மாட்டுங்க, அதுக்குள்ள அதென்ன செத்தா போச்சு?" என்பான். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கேலிக்குப் பயந்து, இவளும் கொஞ்ச நாளாகப் பழசையே நிமிர்த்தி மாட்டப் பழகியிருந்தாள். தீப்பெட்டி பையில் சும்மா கிடந்தது.

காலையில் என்ன செய்தோம் என்று யோசித்தாள். நட்டை முறுக்கியது ஞாபகம் இருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி டார்ச் பிடிக்கக் கூப்பிட்டார். திரும்பி வந்து செயினைத் துடைத்தாள். நடுவில் என்ன செய்தோம் என்பது மட்டும் நினைவில் வெள்ளையாக இருந்தது. பழக்கத்தில் புதுசு ஒன்றை எடுத்து மாட்டியிருப்போமோ என்று தீப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். அதில் எத்தனை இருந்தன என்று யார் எண்ணி வைத்தார்கள்?

பார்சல்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டியில் போகிறவர் எப்படி எடுப்பார்?

"அந்த நட்டு அவ்வளவு லேசுல கழறாதுங்க" என்றான் சைலன்சர். குரலை இவ்வளவு இறக்கி அவன் பேசி அவள் கேட்டதில்லை. "தட்டத் தொடச்சிட்டு சாப்பிட வாங்க. நான் ஒண்ணும் பாக்கல."

அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. சோதனை மாதம் அன்றோடு முடிகிறது. செய்த வேலை ஒன்றுகூடத் திரும்பி வராவிட்டால் நாளை முதல் அவளுக்கென்று தனி ஸ்டாண்டு. வந்தால், பழையபடி தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு வண்டி கழுவ வேண்டியதுதான். முதலாளி முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார். மகள்கூட நேற்று, "நாளன்னிக்கு நான் வந்து உன் ஸ்டாண்டுல உன்ன போட்டோ எடுப்பேன்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பின்னை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முதலாளியின் முன்னால் போய் நின்றாள். அவர் அதைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"மாட்டினியா இல்லையா?"

"தெரியலண்ணே."

"தெரியலன்னா?"

"கை மாட்டியிருக்கலாம். எனக்கு ஞாபகம் இல்ல."

"நீ போய் வழியில நிறுத்தினா, அந்தாளு இனிமே நம்ம கடப் பக்கமே வரமாட்டான்."

"இது திரும்பி வந்த கணக்காண்ணே?"

அவர் தன் வண்டிச் சாவியை மேசைமேல் தள்ளினார். "முதல்ல போய்ப் பாரு."

பார்சல்காரர் எங்கே சுற்றுகிறார் என்று தெரியாததால், அவர் பிள்ளைகளைக் கூட்ட வருகிற பள்ளிக்கூட வாசலில் அவள் வெயிலில் நின்றாள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் முகத்தைப் பார்க்காமல் பின்சக்கரத்தையே பார்த்தாள். கடைசியில் பார்சல்காரர் வந்து நிறுத்தினார். பெரியவனும் சின்னவளும் பையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். டெய்லரம்மா சக்கரத்தருகே மண்டியிட்டாள்.

அச்சு நட்டின் குறுக்கே பின் இருந்தது. அழுக்குப் படாத புதுப் பின். ஒரு கால் நட்டின்மேல் ஏறியும் இன்னொன்று கீழே இறங்கியும், பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்த அதே மடிப்பு. நகத்தால் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"என்னம்மா, ஏதாவது கோளாறா?"

ஒன்றுமில்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லண்ணே, எல்லாம் சரியா இருக்கு. இத மாட்டினேனான்னு எனக்கே ஞாபகம் வரல. அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. காலையிலிருந்து எங்கெல்லாம் சுற்றினோம் என்று அவர் நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. குனிந்து பின்னைத் தொட்டார். நட்டைத் தொட்டார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். சின்னவளும் அப்பாவோடு குனிந்து, "கொண்ட ஊசிப்பா" என்றாள்.

"ம்" என்றார். சின்னவளை முன்னால் தூக்கி வைத்தார். பெரியவன் பின்னால் ஏறிக்கொண்டான். தெருமுனையில் ஒருமுறை, தேவையே இல்லாத இடத்தில், பிரேக்கை அழுத்திப் பார்த்தார். வண்டி நின்றது. பிறகு போனது.

சட்டைப்பையில் போன் அடித்தது. முதலாளியாகத்தான் இருக்கும். அவள் உடனே எடுக்கவில்லை. பழைய பின் இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் அதன் இரண்டு காலும் உள்ளங்கையில் கோடாகப் பதிந்திருந்தன. அந்தப் பின்சக்கரம் மற்றச் சக்கரங்களோடு கலந்து, எது அவளுடையது என்று தெரியாமல் போகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.