தெரிஞ்சுதான் பொறுக்குறேன்

எருசலேமுக்கு அந்தப்பக்கம் இருக்கும் எங்கள் ஊர் பெத்சினே என்றால் வெளியூர்க்காரர்கள் அத்திப்பழத்தைச் சொல்வார்கள். நாங்கள் எங்கள் நியாயசபையைச் சொல்வோம். நூற்றிருபது ஆண்கள் இருக்கிற ஊருக்குத்தான் இருபத்து மூன்று நீதிபதிகள் கொண்ட சபை உண்டு, அந்தச் சபைக்குத்தான் உயிர் போகிற வழக்கை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. எங்கள் ஊரில் தலைக்கணக்கு சரியாகவே வந்தது. அதில் செத்துப்போன இரண்டு பேரும் ஒரு கோவேறு கழுதையும் சேர்த்தி என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது வெறும் பொறாமை.

இன்னொரு பெருமையும் எங்களுக்கு இருந்தது. சபை ஏற்பட்ட நாள் முதல் ஒருவரைக்கூட நாங்கள் கல்லெறிந்து கொன்றதில்லை. எங்கள் சட்டத்தில் ஓர் ஆளைக் கொல்ல இருக்கும் வழிகளைவிடத் தப்ப விட இருக்கும் வழிகள் அதிகம். குற்றம் நடக்கும் முன்பே இரண்டு சாட்சிகள் எதிரில் வந்து, "இதைச் செய்யாதே, செய்தால் கல்லெறி" என்று எச்சரிக்க வேண்டும். அவன் அதைக் கேட்டு, "தெரியும், தெரிந்துதான் செய்கிறேன்" என்று பதில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். புத்தி சரியாக உள்ள எவன் அப்படிச் சொல்வான்?

கேதுராள் சொன்னாள்.

அவள் விதவை. ஊர் எல்லையில் ஒரு வெள்ளரித் தோட்டம், அதைச் சுற்றி முள்வேலி. சபைத் தலைவர் ஹனமேலின் ஆடுகளுக்கு அந்த வெள்ளரி மேல் ஒரு கண். எந்த வேலையும் செய்யக்கூடாத ஓர் ஓய்வுநாள் காலையில் ஆடுகள் வேலியைப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே போயின. கேதுராள் ஆடுகளை விரட்டினாள். சிதறிக் கிடந்த குச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஓய்வுநாளில் குச்சி பொறுக்கினால் என்ன தண்டனை என்று எங்கள் ஊரில் கழுதைக்கும் தெரியும்.

ஹனமேலின் பின்னாலேயே திரியும் ஷிம்ரியும் யாக்கேயும் எங்கிருந்தோ ஓடி வந்தார்கள். எச்சரிக்கை வாசகத்தை அவர்கள் வெகுநாளாகவே மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

"ஏ கேதுரா! இன்னிக்கு ஓய்வுநாள். குச்சிய எடுத்தா கல்லெறிதான், கேட்டுச்சா?"

"ஏன்டா, ஆடு வேலியப் பிச்சப்போ ஆட்டுக்கு எச்சரிக்கை சொன்னீங்களா?"

"அந்தக் கதையெல்லாம் வேணாம். தெரியுமா தெரியாதா, அதைச் சொல்லு."

"தெரியும். தெரிஞ்சுதான் பொறுக்குறேன். போயி உங்க எசமான்கிட்ட சொல்லு."

அவள் குனிந்து எடுத்தாள். அவர்கள் அன்றைக்கே போய்ச் சொன்னார்கள்.

ஹனமேல் நடந்து வந்தால் அவருடைய தாடி முன்னே வரும், அவர் பின்னே வருவார். ஒருவரையும் கொல்லாத சபை அவருக்குப் பெரும் அவமானமாக இருந்தது. "எருசலேம்ல நம்மள என்னன்னு நெனப்பாங்க?" என்பது அவர் வாயில் ஓயாத பேச்சு. குற்றவாளியைத் தள்ளிவிட்டுக் கல்லெறிய ஊருக்கு வெளியே இரண்டு ஆள் உயரத்துக்கு எறிமேடை கட்டி, சுண்ணாம்பும் பூசி வைத்திருந்தார். தண்டனைக்குக் கொண்டு போகும்போது யாராவது "இவருக்காக ஒரு வார்த்தை சொல்லணும்" என்று வந்தால், சபை வாசலில் நிற்கும் ஆள் வெள்ளைத் துணியை ஆட்ட வேண்டும். தூரத்தில் இருக்கும் குதிரைக்காரன் அதைப் பார்த்துப் பாய்ந்து போய் நிறுத்த வேண்டும். வாசலில் நிற்கும் ஆள் நான். குதிரைக்கு ஹனமேல் புதுச் சேணமும் வாங்கிப் போட்டிருந்தார்.

விசாரணை நாள் முழுக்க நடந்தது. அவளுக்காகப் பேசியவர் மத்யா ஒருவர்தான். தோல் பதனிடுகிறவர். சபையில் தலைவருக்கு அடுத்த இருக்கை அவருடையது, ஆனால் வாடை காரணமாக ஹனமேல் சற்றுத் தள்ளித்தான் உட்காருவார். அது அவளுடைய சொந்த வேலியின் குச்சி என்றார் மத்யா. விறகுக்கு எடுக்கவில்லை என்றார். ஹனமேல் ஒவ்வொன்றுக்கும் தாடியைத் தடவிக்கொண்டு, கைகளை வானத்துக்குத் தூக்கி, "தேசமே அழியும்!" என்று முழங்கினார். மற்றவர்கள் தேசம் அழிவதைவிட ஹனமேல் முறைப்பதற்கு அதிகம் பயந்தார்கள்.

மரண தண்டனையை அதே நாளில் சொல்லக்கூடாது. நீதிபதிகள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, திராட்சரசம் தொடாமல், கொஞ்சமாகச் சாப்பிட்டு, வழக்கைப் பேசிப் பார்க்க வேண்டும். ஹனமேல் ஒவ்வொரு ஜோடியையும் தேடிப் போனார். மத்யாவிடம் வந்தபோது மட்டும் சிரித்தார்.

"நீ உன் இஷ்டம்போல சொல்லுப்பா மத்யா. நீ ஒருத்தன் அவளுக்காகப் பேசுனா எனக்கு நல்லதுதான்."

மத்யாவுக்கு அது முள்ளாகக் குத்தியது. 'நான் எதிர்த்துப் பேசினால் இவருக்கு எப்படி நல்லது?' என்று யோசித்துப் பார்த்தார்.

விடிந்ததும் அவளைக் காவல் வைத்திருந்த வீட்டுக்குப் போனார். வாசலில் நான்தான் நின்றேன்.

"கேதுரா, ஒரே வார்த்தை சொல்லும்மா. அவனுங்க சொன்னது காதுல விழலன்னு சொல்லிடு. நான் பாத்துக்கறேன்."

"எனக்குக் காது நல்லாவே கேக்குதுங்கய்யா."

"உசுரு போயிடும்மா!"

"தெரியாம செஞ்சேன்னு சொல்லி உசுரோட இருந்தா, நாளைக்கு அவரு ஆடுகூட என்னை மதிக்காது. நான் சொன்னது சொன்னதுதான்." அப்புறம் குரலை இறக்கினாள். "வெள்ளரிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. காயுது."

மத்யா வெளியே வந்தார். பாதி வழியில் நின்றார். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். பாவம், பயத்தில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சபை அரைவட்டமாக உட்கார்ந்தது. உயிர் வழக்கில் கடைசி இருக்கையில் உள்ள இளையவரிடமிருந்து கருத்துக் கேட்பது வழக்கம். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் இளையவர் வாய் அடைபட்டுப்போகும் என்பதற்காக. எங்கள் ஊரில் அது முதல் நாளே அடைபட்டிருந்தது.

"குற்றவாளி."

"குற்றவாளி."

வரிசையாக வந்தது. ஒருவர் இருமிக்கொண்டே சொன்னார், ஒருவர் தரையைப் பார்த்துச் சொன்னார். கேதுராள் நிமிர்ந்து நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். ஹனமேல் தாடியைச் சரிசெய்துகொண்டார். மத்யாவின் முறை வந்தது.

"குற்றவாளி," என்றார் மத்யா.

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. "அடப்பாவி, நீயுமா!" என்று ஒரு பெண் கத்தினாள். கேதுராள் முதல்முறையாகக் கண்ணை மூடினாள். நான் துணியைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

ஹனமேல் முகம் மட்டும் சுண்ணாம்பு பூசிய எறிமேடை மாதிரி வெளுத்தது.

எங்கள் சட்டத்தில் ஒரு பழைய விதி. சபை முழுவதும் ஒரே வாயாகக் குற்றவாளி என்று சொன்னால், அந்த ஆளை விட்டுவிட வேண்டும். இருபத்து மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அவருக்காக ஒரு சொல் தோன்றவில்லை என்றால் அது விசாரணையே இல்லை. அதற்காகத்தான் ஹனமேலுக்கு மத்யாவின் எதிர்க்குரல் தேவைப்பட்டது. இப்போது அந்தக் குரல் இல்லை. மிச்சம் இருந்தது ஹனமேலின் குரல் ஒன்றுதான்.

"ஐயா," என்றார் மத்யா, பணிவாக. "உங்க முறை."

கேதுராள் சாக வேண்டுமானால், ஹனமேல் வாய் திறந்து, ஊர் முழுக்கக் கேட்க, "இவள் நிரபராதி" என்று சொல்ல வேண்டும்.

அவர் வாய் திறந்தது. மூடியது. கூட்டத்தைப் பார்த்தார். தேசம் அழியும் என்று தான் தூக்கிய கைகளைப் பார்த்தார்.

"என்னங்கய்யா, சந்தேகமா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "அவ தப்பு பண்ணலன்னு சொல்லப் போறீங்களா?"

"யாருக்குடா சந்தேகம்?" என்று சீறினார் ஹனமேல். "எனக்கா?" கொஞ்ச நேரம் தாடி மட்டும் ஆடியது. பிறகு "குற்றவாளி" என்றார்.

"ஒரு குரலும் குறையல," என்று மத்யா எழுந்தார். "சட்டப்படி விடுதலை."

கூட்டம் ஆர்ப்பரித்தது. எனக்கு வேலையே இல்லை, ஆனாலும் துணியை ஆட்டிவிட்டேன். இத்தனை வருஷமாகக் காத்திருந்த குதிரைக்காரன் பாய்ந்து வந்து, யாரைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் ஹனமேல் மேல் மோதப் பார்த்தான்.

கேதுராள் மட்டும் சிரிக்கவில்லை. நேராக மத்யாவிடம் வந்தாள்.

"நீங்களும் என்னைக் குத்தவாளின்னு சொன்னீங்க."

"ஆமாம்மா. அதனாலதான் நீ உசுரோட நிக்குற."

அவள் யோசித்தாள். "சரி. நான் செஞ்சது நெசந்தானே. அப்ப பொய் ஒண்ணும் சொல்லல நீங்க." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தோட்டத்துக்குப் போனாள். வேலியைக் கட்டினாள். அன்று ஓய்வுநாள் இல்லை.

எறிமேடையில் இப்போது ஹனமேலின் ஆடுகள் ஏறி நிற்கின்றன. ஊரிலேயே உயரமான இடம், வெள்ளரித் தோட்டம் நன்றாகத் தெரியும். எங்கள் சபை இன்றைக்கும் ஒருவரைக் கொன்றதில்லை. அதை வெளியூரில் நாங்கள் அத்திப்பழத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவோம்.

கேதுராளுக்கு வேறு பெருமை. கிணற்றடியில் யாராவது குடத்தை முன்னால் நகர்த்தினால் போதும், இடுப்பில் கை வைத்துவிடுவாள்.

"தள்ளுடி. என்னை யாருன்னு நெனச்ச? இருபத்திமூணு பேரும் ஒரே வாயா சொன்ன குத்தவாளி நான். எருசலேம்ல காட்டு பாப்போம், இப்படி ஒருத்திய."