தவிடும் விஜயும் ஒருவரே

"மேற்படி தவிடு என்பவரும் விஜய் என்பவரும் ஒருவரே." தாயின் உறுதிமொழியாக நான் எழுதியதைப் பூவாயியக்காவிடம் படித்துக் காட்டினேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறேன். இரண்டு முறை படிப்பது, பிறகு தேதி, பிறகு மை. இந்த வரிசை மாறியதில்லை. முதல் முறையிலேயே அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

பிரான்சிலிருந்து அவர் மகன் தவிடு போனில் காத்திருந்தான்.

"அண்ணே, எம் பேருதான் இங்க புள்ளைக்குக் குடும்பப் பேரா ஒட்டிக்கும். வெள்ளக்காரனுக்கு ஒண்ணுமில்ல, அவன் கடையில தவிட்டு ரொட்டிதான் வெல ஜாஸ்தி. கிண்டல் பண்றது அங்க சாரத்துல இருக்குற என் மாமியார் வூடுதான். இன்னும் பொறக்கவே இல்ல, 'உமி எப்ப வருது'ன்னு கேக்குறாங்க. விஜய்னு இங்க மனு குடுத்தாச்சு. யம்மா, சீக்கிரம் கைநாட்டு வையி."

"வெக்கிறன்டா, அப்பறமா கூப்புடு" என்று அக்கா போனைத் துண்டித்துக் கவிழ்த்து வைத்தார்.

அவன் மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் வருடம் திரும்புவதற்குள் போய்விட்டன. அதனால் இவனை முறத்தில் போட்டு, பக்கத்து வீட்டுச் செல்வாம்பாளுக்குக் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். விலைக்கு வாங்கியதை எமன் தொடமாட்டான் என்று. தொடவில்லை. முப்பத்தைந்து வயதாகிறது.

"அந்த ரெண்டுக்கும் நல்ல பேராத்தான் வெச்சேன் சாமி. மொதப் புள்ளைக்கு என்னா பேருன்னு கேளு."

"என்ன பேருக்கா?"

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. தாளின்மேல் பொதுவாக விரலை வைத்தார். "இப்பப் படிச்சியே, ரெண்டாவது பேரு."

தாளில் 'விஜய்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன்.

"அவனுக்குத் தெரியாதா?"

"அந்தப் பேர வூட்ல யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல. இவனாப் புடிச்சிருக்கான்."

"சொல்லிடுங்களேன்."

"மருமவ மாசமா இருக்கா. செத்த புள்ள பேருடான்னு இப்பப் போய்ச் சொல்லட்டுமா? நீயே சொல்லு."

எதற்கும் ஒரு வாசகம் வைத்திருப்பவன் நான். இன்னொரு முறை படித்தேன், வழக்கம் என்பதால். தேதி போட்டேன்.

அக்கா கட்டை விரலை மையில் ஒற்றித் தாளுக்குமேல் பிடித்திருந்தார். கவிழ்ந்திருந்த போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்தது. இருவரும் எடுக்கவில்லை.

விரலில் மை காய்ந்துவிட்டது. மைப்பெட்டியை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்.