ஐந்தாவது துண்டு

ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர் நகரைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் கடைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். விளக்குகள் போயிருக்கும், குளிர் மட்டும் அப்படியே கிடக்கும். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, நாற்பத்தாறு வயதில், உதட்டுச் சாயமெல்லாம் பூசிக்கொண்டு, கையில் கேக் பெட்டியோடு என் ஊரான செலெஸ்தாவின் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ரயிலில்தான் பாஸ்தியன் கோல்மாரிலிருந்து தன் பெண்களோடு வந்துகொண்டிருந்தார். பெரியவள் சோலேனுக்குப் பதினான்கு வயது, சின்னவள் அப்போலினுக்கு ஆறு. அவர்களுடைய அம்மா எலேன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். போன வருஷம் கண்ணாடி சரியாகப் பொருந்தவில்லை என்று பாஸ்தியன் திரும்பத் திரும்பக் கடைக்கு வந்தார். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது.

முந்தைய நாள் போனில் அவர் சொல்லியிருந்தார். "திரும்பி வர்றப்ப ரயில்லயே நம்ம விஷயத்த பொண்ணுங்ககிட்ட சொல்லிடறேன், ஓதீல். ராஜா கேக் வெட்டறப்ப, எல்லாரும் சிரிச்சுட்டு இருப்போம்ல, அப்ப. நீ செலெஸ்தால எறங்காத. நேரா நம்ம வீட்டுக்கு வந்துடு."

நம்ம வீடு. அந்த வார்த்தையை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே அன்று முழுக்கத் திரிந்தேன். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தொலைக்காட்சியோடு சண்டை போடுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று குடும்பஸ்தர்களுக்குப் புரியாது.

ரயிலில் ஏறியதும் அப்போலின் தன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள். "இங்க உக்காரு ஓதீல், பெட்டிய என் மடில வெய்யி." சோலேன் காதிலிருந்த பாட்டுக் கேட்கிற கருவியை எடுக்காமலே, "வணக்கம் மேடம்" என்றாள். ஒரு வருஷமாக நான் அவளுக்கு மேடம்தான்.

ஸ்ட்ராஸ்பூரில் பேராலயக் கோபுரப் படிகளில் பனி உறைந்திருந்ததால் மேலே விடவில்லை. உள்ளே போய்ப் பெரிய கடிகாரத்தைப் பார்த்தோம். ஏசுவின் சீடர்களுடைய பொம்மைகள் ஒவ்வொன்றாக நகர்ந்துபோக, மேலே சேவல் கூவ, முன்னால் நின்ற கூட்டம் மொத்தமும் போனை உயர்த்திப் பிடித்து மறைத்தது. அப்போலின் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். தூக்கிக்கொண்டேன். ஈரக் கம்பளி வாடையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முதுகு வலித்தது. இறக்கிவிட மனம் வரவில்லை.

"அம்மா இவள தோள்லயே உக்கார வெச்சுக் காட்டுவாங்க" என்றாள் சோலேன், யாரையும் பார்க்காமல்.

"எனக்கு ஞாபகமே இல்ல. ஓதீல், இன்னும் கொஞ்சம் மேல தூக்கு" என்றாள் சின்னவள்.

சோலேன் முகம் சுருங்கியது. எனக்கு அவள்மேல் எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அம்மாவை அந்த வீட்டில் ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலை மொத்தமும் அவள் தலையில் விழுந்திருந்தது.

சாப்பிட்ட பிறகு கால்வாய் ஓரமாக நடந்தோம். மரவீடுகளுக்கு முன்னால் பெண்களை நிறுத்தி நடுவில் நின்றுகொண்ட பாஸ்தியன், போனை என்னிடம் நீட்டினார். நான் எடுப்பதைப் பார்த்த ஒரு அம்மாள், தானும் ஊர் சுற்ற வந்தவள்தான், நின்றுவிட்டாள். "என்னங்க இது, குடுங்க நான் எடுக்கறேன். நீங்களும் குடும்பத்தோட போய் நில்லுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேண்டாங்க, என் மூஞ்சி போட்டோவுக்கு ஒத்துக்காது" என்றேன். பாஸ்தியன் சட்டென்று சிரித்தார். தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். சரி, ரயிலில் சொல்லிவிடுவார், பொறுத்துக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் எதிரெதிராக நான்கு இருக்கைகள், நடுவில் ஒரு குட்டி மேஜை என்று வசதியாகக் கிடைத்தது. வெளியே இருட்டிவிட்டது. ஜனவரியில் வீட்டுக்கு வீடு வெட்டுகிற ராஜா கேக்கை எடுத்து வைத்தேன். பாதாம் விழுது வைத்த கேக், அதற்குள் எங்கேயோ ஒரு பீங்கான் பொம்மை, கூடவே தங்க நிறக் காகிதக் கிரீடம். பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் கிரீடம். ஐந்தாக வெட்டினேன். நான் வளர்ந்த வீட்டில் எப்போதும் ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று. வாசலில் வந்து நிற்கிற யாரோ ஒரு ஏழைக்காக அது. யாரும் வந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அப்பாவே தின்றுவிடுவார்.

கூட்டத்தில் சின்னவர்தானே மேஜைக்கு அடியில் போய், பார்க்காமலே எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும்? அப்போலின் எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொண்டாள். நான் ஒரு துண்டைத் தொட்டேன்.

"இது யாருக்கு?"

"அப்பாவுக்கு!"

"இது?"

"எனக்கு! பெருசா இருக்கா?"

"பேசாம ஆளச் சொல்லுடி" என்றாள் சோலேன்.

"அடுத்தது சோலேனுக்கு. சின்னதா இருந்தா நல்லது."

பாஸ்தியன்கூடச் சிரித்தார். நான்காவதைத் தொட்டேன். "இது யாருக்கு?"

"அம்மாவுக்கு."

எலேன் போனதிலிருந்து அந்த வீட்டில் உபரித் துண்டு அவளுக்குத்தானாம். மறுநாள் கல்லறைக்குக் கொண்டுபோய்க் குருவிகளுக்குப் போடுவார்களாம். சோலேன்தான் முணுமுணுப்பாக இதைச் சொன்னாள். முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் ஆறாக வெட்டியிருப்பேன். அதில் என்ன கஷ்டம் எனக்கு?

கத்தி என் கையிலேயே இருந்தது. மிச்சமிருந்த துண்டைத் தொட்டேன். "அப்ப இது?"

கீழே கொஞ்சம் யோசனை நடந்தது. பிறகு, பாடம் ஒப்பிக்கிற குரலில், "யாராவது வந்தா, அவங்களுக்கு!"

சோலேன் வாயைப் பொத்திக்கொண்டாள். காதுவரை சிவந்துவிட்டது. நாள் முழுக்கக் குத்திக்கொண்டே வந்தவள்தான், ஆனால் இதை அவளும் எதிர்பார்க்கவில்லை. "லூசு, ஓதீல விட்டுட்டியேடி" என்றாள். முதல் தடவையாக என் பெயரைச் சொன்னாள்.

அப்போலின் தலையை வெளியே நீட்டினாள். முடி கலைந்திருந்தது. "எங்க விட்டேன்? ஓதீல்தானே வந்திருக்கா?"

குழந்தை கணக்கில் தப்பே இல்லை. சிரித்தேன், உண்மையாகவே சிரிப்பு வந்தது. என் துண்டை எடுத்துத் தின்றேன். கேக் நன்றாகத்தான் இருந்தது.

யார் பல்லிலும் பொம்மை அகப்படவில்லை. அப்போலின் எல்லார் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்போ அம்மாதான் ராணி!" என்று கத்தினாள். காகிதத்தில் சுற்றிய நான்காவது துண்டின்மேல் கிரீடத்தைப் பத்திரமாக வைத்தாள். இறந்துபோன ஒருத்தியோடு நான் போட்டி போட வந்தவளில்லை. பக்கத்தில் ஓர் ஓரம் கிடைத்தால் போதும் என்றுதான் வந்தேன்.

பாஸ்தியன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

ரயில் வேகம் குறைந்தது. செலெஸ்தா என்று அறிவிப்பு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பெரிய பேச்சு எதுவும் வேண்டாம், 'உக்காரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோலேன் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். காதுக் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

பாஸ்தியன் எழுந்தார். மேலேயிருந்து என் கோட்டை எடுத்தார். எப்போதும்போல மரியாதையாக, நான் கையை நுழைப்பதற்கு வாகாக விரித்துப் பிடித்தார்.

"பிளாட்பாரம் வழுக்கும், பாத்து எறங்கு" என்றார்.

"ஏன் எறங்கறா?" என்றாள் அப்போலின். "நம்ம வீட்டுக்கு வரலியா? என் ரூம்ல எடம் இருக்கு."

அவளுக்கு அப்பா பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் கோட்டின் தோளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இது என் ஸ்டேஷன் கண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.