கரையாத மருந்து

தாய்லாந்தின் உடோன் பஸ் நிலையத்தில் எங்கள் கவுண்டருக்கு வெளியே நின்று ஊர்ப் பெயர்களைக் கூவுவது பிக்குனின் வேலை. உள்ளே உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பது என் வேலை. "நோங்காய், நோங்காய்! ஏசி பஸ், எல்லாருக்கும் சீட்டு உண்டு, சீட்டு இல்லன்னா என் மடி உண்டு!" என்று மைக்கில் அவள் குரல் கிளம்பினால் மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். பிக்குன் என்றால் மகிழம்பூ. அவள் முகமும் அப்படித்தான், சின்னதாக, வட்டமாக. மூக்கு மட்டும் கொஞ்சம் அகலம், சப்பை. அதை யாரும் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள்.

"என் மூக்கு மேல ஒரு பஸ்ஸே திரும்பி நிக்கலாம், ருங்கா."

அக்கா என்பதைச் சேர்த்து என்னை எல்லாரும் ருங்கா என்பார்கள். நான் சிரிப்பேன். ஆனால் அவள் கைக்கண்ணாடியை எடுத்து மூக்கின் நடுவில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பது எனக்குத் தெரியும். அவள் புருஷன் விசித் தைவானில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். வீடியோவில் பேசும்போதெல்லாம் போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வாள். கண்ணும் நெற்றியும்தான் அவனுக்குத் தெரியும். அந்த வருஷம் சொங்கிரான் புத்தாண்டுக்கு அவன் ஒரேயடியாக ஊர் திரும்புவதாகச் சொல்லியிருந்தான்.

"அதுக்குள்ள மூக்கத் தூக்கிரணும்" என்றாள்.

"யாரு தூக்கப் போறா?"

"வேற யாரு, நம்ம வீட்டு டாக்டர்தான்."

வீட்டு டாக்டர் என்றது அவள் தங்கை நுவானை. சலூனில் தலை கழுவிவிடுகிற வேலையில் இருந்தவள் நுவான். பாங்காக்கில் ஏதோ ஓட்டல் அறையில் நடந்த வகுப்புக்குப் போய், பேர் பொறித்த சான்றிதழோடு வந்தாள். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். பிறகு ரோஜா நிறப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஊசி மருந்தை ஏற்றித் தாடையைக் கூராக்குவாள், உதட்டை உப்ப வைப்பாள், நெற்றிச் சுருக்கத்தை நீவி எடுப்பாள். இப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கத்தில் பை டாக்டர் என்பார்கள். பிக்குன், நுவான் இருவரின் அம்மா கம்லா பன்றி இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்பவள். மகள் டாக்டர் ஆனதிலிருந்து அவளுக்கு நடையே மாறிவிட்டது. ஒழுகின கூரையை மாற்றியதும் நுவான்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயி செஞ்சுக்கயேன்டி" என்று நான் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி டாக்டர் யாருன்னு எனக்கு என்ன தெரியும்? இவள நான் குளிப்பாட்டி விட்டிருக்கேன் ருங்கா. முதல் ஊசிய அவ தாடையிலயே போட்டுக்கிட்டா. சொந்த உடம்புல விஷத்த ஏத்திக்குவாளா?"

நுவான் ஏமாற்றுக்காரி இல்லை. தான் விற்றதைத் தானே நம்பினாள்.

ஒரு மத்தியானம் பிக்குன் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனாள். சாப்பாட்டுப் பொட்டலத்தை நான் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நுவான்.

"ருங்கா, உங்க வண்டிய எடுத்துட்டு வாங்க. சீக்கிரம். அக்காவுக்கு என்னமோ ஆகுது."

என் பிக்கப் வண்டியை அந்த வெயிலில் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. வீட்டுக்குள் போனபோது பிக்குன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் வாந்தி. வலது கண் இமை தொங்கிப்போயிருந்தது. மூக்கைச் சுற்றியும் நெற்றியிலும் தோல் ஊதா நிறத்தில் வலை பின்னினதுபோல் ஆகியிருந்தது.

"ருங்கா, இந்தப் பக்கம் இருட்டா இருக்கு" என்றாள். "ஜன்னலச் சாத்திட்டீங்களா?"

ஜன்னல் விரியத் திறந்துகிடந்தது.

நுவான் கையில் இன்னொரு ஊசி இருந்தது. "கரையும். கரைக்கிற மருந்து போட்டுட்டேன். கரைஞ்சிரும்கா, கொஞ்சம் பொறு, கரைஞ்சிரும்." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தூக்குடி அவள" என்றேன்.

"ஆஸ்பத்திரின்னா போலீசு கேப்பாங்க..."

"கேக்கட்டும்! என்ன போட்டியோ அந்த டப்பா, ஊசி, எல்லாத்தையும் எடுத்துட்டு வா. ஒண்ணையும் தூக்கிப் போடாத."

ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் இருந்தவள் இளம் வயதுப் பெண் டாக்டர். வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" நுவான் டப்பாவை நீட்டினாள். தங்க நிறத்தில் கொரிய எழுத்து போட்ட அழகான டப்பா. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல தாய் எழுத்துல ஒரு வரி இல்ல. இறக்குமதி பண்ணுனது யாரு? டப்பாவுல ஒரு தொகுதி எண் இருக்கு, ஊசி மேல வேற எண் இருக்கு. கம்பெனி பேருலயே ஓர் எழுத்து தப்பு. இத யாரும்மா உங்களுக்குக் குடுத்தது?"

"போன்ல, லைன் ஆப்புல ஒருத்தர்..." என்றாள் நுவான். "நேரா கொரியாவுல இருந்து வருதுன்னு சொன்னாரு."

டாக்டர் போனில் அரசு மருந்துப் பதிவேட்டைத் திறந்து டப்பாவில் இருந்த எண்ணைப் போட்டாள். திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். அந்த எண் ஏதோ ஒரு தலைமுடிச் சாயத்துக்குக் கொடுத்த எண்.

அதற்குள் மற்ற டாக்டர்கள் பிக்குனுக்குக் கரைக்கும் மருந்தை ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஊசியில் மிஞ்சியிருந்ததை ஒரு கண்ணாடித் தட்டில் பிதுக்கினாள். எண்ணெய்ச் சொட்டுபோல் அது உருண்டு நின்றது. கரைக்கும் மருந்தை அதன்மேல் விட்டாள். அப்படியே நின்றது.

வெளியே வந்து சொன்னாள். குரலில் முதலில் இருந்த கோபம் இல்லை. "நிஜ மருந்தா இருந்தா கரைக்கப் பார்க்கலாம். அதுலயும் கண்ணுன்னா சந்தேகம்தான். இது சிலிக்கோன். கரையாது. ரத்தக்குழாய் வழியா கண்ணுக்குப் போற பாதைய அடைச்சிருச்சு. வலது கண்ணுல பார்வை திரும்பாது. மூக்குத் தோலும் கொஞ்சம் செத்துப்போகும். மன்னிச்சுக்கோங்க."

நுவான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். ஊசி போட்டது யார் என்றார்.

"தெரியாதுங்க" என்றாள் பிக்குன். "சந்தையில பழக்கமான ஒரு பொம்பள. பேரு சொல்லல. முகத்துல மாஸ்க் போட்டிருந்தா."

"தங்கச்சியோட வந்தீங்கன்னு சொல்றாங்க?"

"தங்கச்சி கூட்டிட்டு வந்தா. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்ததும் கம்லா அம்மா இரண்டு பெண்களையும் உட்கார வைத்து எங்கள் வழக்கப்படி மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, ஓடிப்போன உயிரெல்லாம் உடம்புக்குத் திரும்பி வரட்டும் என்று முணுமுணுத்தாள். நுவான் கோயிலில் புத்தர் முன்னால் மண்டியிட்டு, இனி ஊசியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அம்மாவோடு இறைச்சிக் கடையில் அடுப்புக்கு விசிறி வீச ஆரம்பித்தாள்.

விசித் வந்த அன்று பிக்குன் விமான நிலையத்துக்குப் போகவில்லை. வேலைக்கு வந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி, மூக்கு நுனியில் குழிந்த தழும்பு. மைக்கில் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தாள். அவன் பெட்டியோடு வந்து பின்னால் நின்றது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். திரும்பாமலே மைக்கைத் தாழ்த்தினாள்.

"பாத்துட்டுத் திரும்பிப் போறதுன்னா இப்பவே போயிரு. தைபே பஸ் மட்டும் எங்க கவுண்டர்ல இல்ல."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "இத்தன வருஷமா நெத்தியையே காட்டி ஏமாத்துன. இன்னைக்காவது முழு மூஞ்சியக் காட்டுடி."

அவள் திரும்பினாள். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பெட்டியைத் திறந்து, வாங்கிவந்த அன்னாசிக் கேக்கை எல்லாருக்கும் கொடுத்தான்.

அவனுக்குக் கோபம் நுவான்மேல்தான். "புகார் குடு" என்று தினமும் சொன்னான். "என் தங்கச்சி வேணும்னா செஞ்சா?" என்று அவள் தினமும் பதில் சொன்னாள். ஒரு கட்டத்தில் அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

மழைக்காலம் வந்தது. எங்கள் நோங்காய் பஸ்ஸில் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற பெண் கைமுக், கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். ஒருநாள் கவுண்டரில் சாய்ந்து போனைக் காட்டினாள்.

"ருங்கா, இந்த டாக்டரப் பாருங்க. நோங்காய்ல வீட்டுக்கே வந்து போடறாங்க. லீவு அன்னைக்குத் தாடைக்குப் போட்டுக்கப் போறேன். ஃப்ரெண்டோட போனா பாதி ரேட்டு."

வீடியோவில் மாஸ்க் போட்ட ஒருத்தி யாருடைய தாடையிலோ ஊசியை இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே ஏதோ ஒரு டாக்டர் பேர். "பயப்படாதீங்க கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றது குரல்.

வெளியே பிக்குனின் மைக் நின்றுபோனது. அவள் உள்ளே வந்தாள். "இன்னொரு தடவ போடு" என்றாள்.

கைமுக் போட்டாள். எறும்பு கடிச்ச மாதிரிதான்.

பிக்குன் அந்தப் பெண்ணை என் நாற்காலியில் உட்கார வைத்தாள். "இங்க பாருடி. வீட்டுக்கு வந்து போடறவ எவளும் டாக்டர் இல்ல. கிளினிக்னா வாசல்ல உரிம எண் இருக்கும், டாக்டரோட போட்டோவும் பேரும் இருக்கும். அந்தப் பேரு நிஜமான்னு போன்லயே தேடிப் பாக்கலாம். மருந்து டப்பாவ உன் கண்ணு முன்னாடி உடைக்கணும். டப்பாவுல இருக்கற எண்ணும் ஊசியில இருக்கற எண்ணும் ஒண்ணா இருக்கணும். தாய்ல எழுதியிருக்கணும், பதிவு எண்ணப் போட்டா அந்த மருந்து பேரே வரணும். கேட்டா மூஞ்சியக் கோணுனான்னா எழுந்து வந்துரு. பாதி ரேட்டுன்னு சொன்னான்னா உக்காரவே உக்காராத."

"உங்களுக்குப் போட்டது இவங்களாக்கா?" என்றாள் கைமுக்.

பிக்குன் வெளியே நடந்தாள். பஸ் நிறுத்தத்தின் ஓரத்துக்குப் போய் நுவானுக்குப் போன் செய்தாள். நானும் பின்னாலேயே போனேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை போல.

"இது நல்ல சரக்குக்கா" என்றது நுவானின் குரல். "பழைய ஆள்கிட்ட வாங்கறதே இல்ல. இவரு ரொம்ப நம்பிக்கையானவரு."

"நம்பிக்கையானவருன்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் அவருகிட்டதான் வாங்கறாங்க."

"அந்த டாக்டரம்மா காட்டினாங்களே, அந்த மாதிரி எண்ணப் போட்டுப் பாத்தியா?"

"அக்கா, குச்சி இறைச்சி வித்து என்ன கிடைக்கும்? அம்மாவுக்கு மூட்டு வலி. கூரைக் கடன் பாக்கி. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

"நுவான், எண்ணப் போட்டுப் பாத்தியா?"

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. பிக்குன் போனை அணைத்தாள்.

சாயங்காலம் போலீஸ் நிலையத்துக்கு அவளோடு நானும் போனேன். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே போகிறவர்கள் அவளை ஒதுங்கிப் போனார்கள்.

"நீங்க வேணும்னா போயிச் சொல்லுங்களேன், ருங்கா."

"நான் சொல்றேன்" என்றேன். "உன் பேரே வராம பாத்துக்கறேன்."

"வேண்டாம். நீங்க சொன்னா, ஊர்க்காரங்க காட்டிக் குடுத்தாங்கன்னு நினைப்பா. நானே சொன்னாத்தான் அவளுக்கு விளங்கும்." எழுந்து பாவாடையை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு என்ன உறவு?"

"அக்கா" என்றாள்.

நோங்காயில் தனியாக எடுத்திருந்த வாடகை வீட்டில் நுவானைப் பிடித்தார்கள். குளிர்பெட்டியில் அதே தங்க நிற டப்பாக்கள், வேறு பேரில். அந்த ஊரில் ஒரு பெண்ணுக்குத் தாடை கட்டியாகிச் சீழ் வைத்திருந்தது. அறுத்து அறுத்துச் சுரண்ட வேண்டியிருந்ததாம். நுவான் கோர்ட்டில் எதையும் மறுக்கவில்லை. சிறைத் தண்டனை விதித்தார்கள். லைனில் மருந்து விற்றவனை யாரும் பிடிக்கவில்லை. எண்ணை மாற்றிவிட்டான்.

கம்லா அம்மா மூத்த மகள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். பிக்குன் கடைக்குப் போனால் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். "ஒரு கண்ணுக்கு ஒரு பொண்ணா? சரியாப் போச்சா உனக்கு?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாள். பிக்குன் வாங்கின இறைச்சியைச் சாப்பிடாமல் என்னிடம் கொடுத்துவிட்டாள்.

மாதாமாதம் பார்வையாளர் நாளில் பிக்குன் சிறைக்குப் போனாள். நுவான் வரமாட்டாள். காவலாளி வந்து, "இஷ்டமில்லையாம்" என்பாள். பிக்குன் கொண்டுபோன சோப்பையும் துணியையும் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். விசித்கூட, "விட்டுரேன்" என்றான். அவள் விடவில்லை.

குளிர் தொடங்கின ஒரு காலை நானும் கூடப் போயிருந்தேன். அன்று நுவான் வந்தாள். இளைத்திருந்தாள். முடியைக் கத்தரித்திருந்தார்கள். தான் போட்டுக்கொண்ட தாடை ஒரு பக்கமாகக் கீழே இறங்கித் தடித்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தாள். பிக்குன் எனக்கும் கேட்கும்படி போனைச் சற்று விலக்கிப் பிடித்திருந்தாள்.

"கண்ணாடியக் கழட்டுக்கா" என்றாள் நுவான்.

அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவள் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியிலும் தரையைத்தான் பார்த்தாள். பிக்குன் கழற்றினாள். நுவான் தடுப்பின்மேல் நெற்றியை முட்டிக்கொண்டு, செத்துப்போன அந்தக் கண்ணை, தழும்பை, எல்லாவற்றையும் பார்த்தாள். அழவில்லை.

"வலிக்குதா?"

"குளிர்ல மூக்கு மட்டும் விண்ணுவிண்ணுங்குது."

"எண்ணப் போட்டுப் பாத்தேன்கா" என்றாள் நுவான். "நீ போன் பண்ணுன அன்னைக்கே பாத்தேன். ஒண்ணும் வரல. பதிவே இல்ல. அதுக்கப்புறமும் ரெண்டு பேருக்குப் போட்டேன்."

பிக்குன் கறுப்புக் கண்ணாடியின் காதுகளை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"உன் தாடைய இங்க டாக்டர்கிட்டக் காட்டுனியா?" என்றாள் கடைசியில்.

"எழுதிக் குடுத்திருக்கேன். வரிசை வரும்போது கூப்பிடுவாங்களாம்."

"மறுபடி எழுதிக் குடு. விடாத."

நேரம் முடிந்ததென்று காவலாளி வந்து தோளைத் தொட்டாள். நுவான் போனை வைத்துவிட்டு எழுந்து போனாள். பிக்குன் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் அதை வாங்கி மாட்டினேன்.