வாயைத் திற, மீனம்மா

காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் காளியாயி வந்து நின்றதும் அவளுக்கு இரு பக்கமும் இடம் காலியானது. இடது கன்னத்துச் சதையை வெட்டியெடுத்துத் தைத்திருந்தார்கள். தோல் இழுத்துக்கொண்டதில், சும்மா நிற்கும்போதும் கடைவாய்ப் பல் வெளியே தெரிந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு முந்தின நாள்தான் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

கங்காணி செல்லசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீ மேமலைக்குப் புல்லு வெட்டப் போ. தனியா. ஒட்டுவாரொட்டி சீக்குன்னு பொம்பளைங்க பயப்படுறாங்க."

"நான் கொழுந்தெடுக்க வந்திருக்கேன் கங்காணி. என் நிரைக்குத்தான் போவேன்." கன்னத்து வழியே காற்றுப் போய் வார்த்தை வழுக்கியது. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள்.

அவள் புருஷனின் தங்கை மீனம்மாகூட ஒரு நிரை தள்ளியே நின்றாள்.

தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் நிழல் மரத்தடியில் குந்தினார்கள். ராக்காயி சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலையோடு புகையிலையையும் மடித்துக் கன்னத்தில் அடக்கினாள். காளியாயி நேரே போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"எழும்பாத அக்கா. இது ஒட்டாது. இது என் சொந்தச் சதைதான். தேயிற சதை புதுசா வளருமாம், வேணுங்கிற அளவு வளந்ததும் நின்னுருமாம். பொயலை ஒரே எடத்துல கெடந்து அரிச்சா, அந்தச் சதைக்கு நிக்கணுங்கிற புத்தி கெட்டுப் போகுது. அது பாட்டுக்கு வளந்து, பக்கத்துல உள்ளதையும் தின்னுது. பெரிய டாக்டரு சொன்னாரு."

"பொயலை இல்லாம இந்தக் குளுருல, வெறும் வயித்தோட எப்பிடி நிக்கிறது?" என்றாள் ராக்காயி.

காளியாயி, புகையிலையை மென்றுகொண்டிருந்த மீனம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"வாயைத் தொற."

"எனக்கு ஒண்ணுமில்ல மதினி."

"தொறடி!"

மீனம்மாவின் முகத்தை வெயிலுக்குத் திருப்பி, உதட்டை இழுத்துப் பார்த்தாள். உள்கன்னத்தில் மோர் பட்டுக் காய்ந்ததுபோல ஒரு வெள்ளைத் திட்டு. விரலால் துடைத்தாள். போகவில்லை.

"வலிக்குதா?"

"இல்லியே."

"எனக்கும் வலிக்கல. அதான் சும்மா இருந்தேன். அப்புறம் டிஸ்பென்சரியில ஊதா மருந்தத் தடவித் தடவியே அனுப்பினாங்க. இப்பவே காட்டினா இதோட போயிரும்."

மீனம்மா வாயிலிருந்ததைத் துப்பினாள்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் பெரட்டுக் களத்தில், கங்காணிக்கும் மேலான கண்டாக்கு முன்னால் நின்றார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதித் துண்டு கேட்டார்கள்.

"வலியில்ல, காச்சலில்ல. என்னத்துக்குத் துண்டு?" என்றார் கண்டாக்கு. "கொழுந்து முத்திக்கிட்டுக் கெடக்கு. போனா இன்னைக்குப் பேரு கெடையாது, சம்பளமும் கெடையாது."

"வலி வந்த பொறகுதாங்க எனக்குத் துண்டு குடுத்தீங்க. எம்மூஞ்சியப் பாருங்க ஐயா."

"முக்காட்டப் போட்டுக்கிட்டுப் பேசு."

"போட மாட்டேங்க. இது நான் திருடினதா, மறைக்கிறதுக்கு?"

வரிசையில் நின்ற ராக்காயி கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். "எனக்கும் வாயக் காட்டணும். பேரு போனா போகட்டுங்க," என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு கூடை இறங்கியது. பிறகு இன்னொன்று. கண்டாக்கு கத்திக்கொண்டிருக்கும்போதே அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் கீழே இறங்கத் தொடங்கினார்கள். நேற்று விலகி நின்றவர்கள் இப்போது காளியாயியை உரசிக்கொண்டு நடந்தார்கள்.

பாதி தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து தோட்டத்து லொறி ஹாரன் அடித்தது. பெண்கள் ஒதுங்கப் பார்த்தார்கள்.

"நடங்கடி," என்றாள் காளியாயி. நடுரோட்டை விட்டு அவள் இறங்கவில்லை. லொறி உறுமிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஊர்ந்தது. வளைவில் ரோடு அகன்றபோதுதான் அதற்கு வழி கிடைத்தது. நனைந்த சேலைகள்மேல் சேற்றை அடித்துவிட்டு முந்திச் சென்றது. பின்புறத்தில் தேயிலைப் பெட்டிகள் மேல் ஒரு சொட்டும் படாதபடி தார்ப்பாய் விரித்து, நான்கு மூலையும் இறுக்கிக் கட்டியிருந்தது.