ஒரு பெயருள்ள வருகைப் பதிவேடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு அப்பாவுக்கு எழுத வேண்டிய கடிதமாகத்தான் இது தொடங்கியது. மூன்று நாளாகியும் எழுத வரவில்லை, கதையாகிவிட்டது. பத்திரிகைகளுக்கு எழுதிப் பழகிய தோஷம்.

கடிதம் கேட்டவள் சங்கரி. கேரளத்தில், ஆலுவாவுக்கு அப்பால் ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படிக்கிறாள். என் கணவர் ராமபத்ரன் அங்கே அவளுக்கு ஆசிரியர். கண்ட இடத்திலெல்லாம் கல்லூரி கட்டினார்கள், சேரத்தான் பிள்ளைகள் இல்லை. சங்கரியோடு சேர்ந்த எட்டுப் பேரும் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். மேல் வகுப்பிலும் கீழ் வகுப்பிலும் ஆளே இல்லை. இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி.

கல்லூரி ஒரு தாள் கொடுத்திருக்கிறது. வேறு கல்லூரிக்கு மாறச் சம்மதம் என்று ஒரு கட்டம், இங்கேயே தொடரச் சம்மதம் என்று இன்னொன்று. அப்பா ஒன்றில் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா சுடலைமணி சென்ட்ரிங் வேலைக்காரர். வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த தாளில் ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் பட்டவர். அன்றிலிருந்து விஷயத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் பேனாவைத் தொடுவார். மகளுக்கோ மலையாளம்தான் எழுத வரும்.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்கல்ல மாமி. அப்பாவுக்கு மனசிலாகுற மாதிரி எழுதித் தாங்க" என்றாள்.

உனக்கு எது வேண்டும் என்று கேட்டேன். சாயா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் போயிட்டா சார் யாருக்கு கிளாஸ் எடுப்பாங்க?"

2

முதல் தொடக்கம்: எங்கள் மட்டாஞ்சேரியில் அன்று மழை பெய்து… (அடித்துவிட்டேன். சம்மதத் தாளுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: மதிப்பிற்குரிய சுடலைமணி அவர்களுக்கு, ஒரு மாணவிக்கென்றே ஒரு ஆசிரியர் கிடைப்பது பெரிய கொடுப்பினை. வேறு எந்தக் கல்லூரியிலும்…

இதில் பொய் ஒன்றும் இல்லை. வாக்கியமும் தடங்கலில்லாமல் வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.*

* சங்கரி இருந்தால் எலெக்ட்ரிகல் பிரிவு இரண்டு வருஷம் நடக்கும். போனால் மூடிவிடுவார்கள், ராமபத்ரனுக்கு வேலை போகும். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் சம்பளம் என்று வருவது அவருடையது மட்டும். இந்தக் கதையை எழுதுகிறவளின் யோக்கியதையை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

3

கதாபாத்திரமாக ராமபத்ரன் எனக்கு ஒத்துவரவில்லை. இவ்வளவு சாதுவை யார் நம்புவார்கள்? ஒரே பெயர் உள்ள பதிவேட்டைத் திறந்து "சங்கரி எஸ்" என்று கூப்பிடுவாராம். அவள் எழுந்து நின்று "பிரசன்ட் சார்" என்பாளாம். ஒருநாள் அவரைச் சோதிக்கக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறாள். இவர் குரலை உயர்த்தி, எழுத்தைப் பெரிதாக்கி, முழு வகுப்பையும் பார்த்து, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டாராம். அவள் சிரித்தாளாம். பக்கத்தில் திரும்பிப் பார்த்தாளாம். சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை.

இதை அவர் வீட்டில் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

4

நேற்று காலை, வைட்டிலா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, மேசைமேல் கிடந்த இரண்டாவது தொடக்கத்தைப் படித்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அவளுக்கு டவுட் தீர்க்க நான் இருக்கேன், சரி. கூட உக்காந்து என்னைக் கேலி பண்ணறதுக்கு யாராக்கும் இருக்கா, கங்கா?"

அவ்வளவுதான். போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அப்புறம் அழுதேன். இரண்டும் ஒரே டம்ளர் காப்பி ஆறுவதற்குள்.

5

மாற்று முடிவுகள்: (அ) சங்கரி போகிறாள், ராமபத்ரனுக்கு உடனே வேறு வேலை கிடைக்கிறது. நானே நம்பவில்லை. (ஆ) அடுத்த வருஷம் அறுபது பேர் சேருகிறார்கள். கல்லூரி முதலாளிகூட நம்ப மாட்டார். (இ) சங்கரி இருக்கிறாள், கடைசி ஆண்டு விழாவில் தனியாக நின்று குரூப் போட்டோ…

இதை முடிக்கக் கை வரவில்லை.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது என்னைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்யும் தந்திரம். இந்த முறை அது தந்திரமாகத் தெரியவில்லை, ஏனென்றால் இந்தக் கதைக்கு வாசகர் ஒருவர்தான். ஒரே மாணவிக்கு முழு வகுப்பு எடுக்கிறவரின் மனைவி, ஒரே வாசகருக்கு ஒரு கதை எழுதக் கூடாதா?

சுடலைமணி அண்ணாச்சி, இந்தக் கதைதான் நீங்கள் கேட்ட கடிதம். தாளை இதோடு பின் செய்திருக்கிறேன். மேலே இருக்கும் கட்டம் போவதற்கு, கீழே இருப்பது இங்கேயே தொடர்வதற்கு. எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று எழுதி, பொய் என்பதால் அடித்திருக்கிறேன். அடித்தது தெரியும். கவலை எங்களுடையது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கையெழுத்துப் போடும் முன் நான்காம் பகுதியை மட்டும் இன்னொரு தடவை வாசித்துவிடுங்கள்.