அதிபரின் தாயார்

நெடுந்தீவு இறங்குதுறையில் பார்வதிப்பிள்ளையைப் படகுக்குள் இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். படகுக்காரன் மேர்வின் கீழே நின்று கைகளை ஏந்தினான். மறுநாள் கண் கிளினிக்குக்காக யாழ்ப்பாணம் புறப்பட்ட அயல்வீட்டு ஏரம்பு, மேலே நின்று கமக்கட்டுக்குள் கைகொடுத்து இறக்கினார். மூன்றாவது ஆளாகிய ஓய்வுநிலைப் பாடசாலை அதிபர் திருமதி சத்தியபாமா குடையை விரித்தபடி, "மெல்ல, மெல்ல" என்று வழிநடத்தினார். பிறகு தானும் இறங்கினார், மேர்வின் நீட்டிய கையை ஏறெடுத்தும் பாராமல், வெள்ளை கன்வஸ் சப்பாத்துடன், ஒரே எட்டில். படகுக்குள் இருந்தவர்கள் அதைக் கவனித்தார்களா என்று ஒருதரம் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

சத்தியபாமா மூத்தவர், பார்வதிப்பிள்ளை இளையவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது.

இரண்டு மாதத்துக்கு முன் பார்வதிப்பிள்ளை கிணற்றடியில் விழுந்தாள். எழும்ப முடியவில்லை. மத்தியானம் மாட்டைத் தேடிவந்த ஏரம்புதான் கண்டு தூக்கினார். செய்தி அக்காவுக்குப் போனது. அக்கா பல வருடங்களுக்குப் பிறகு தீவுக்கு வந்து, "வெளிக்கிடு, யாழ்ப்பாணம் போவம்" என்றபோது, பார்வதிப்பிள்ளை அக்கா வீட்டுக்கென்றுதான் நினைத்தாள். தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பிளாஸ்ரிக் கானில் நிரப்பிக் கையோடு எடுத்துக்கொண்டாள். முதியோர் இல்லத்துக் கதை, படகு கட்டவிழ்த்த பிறகுதான் வெளியே வந்தது.

"மேல் அறை சும்மாதானே கிடக்கு, அக்கா?"

"அது மகன் அவுஸ்திரேலியாவில இருந்து வந்தால் நிக்கிற அறை."

"எப்ப வாறான்?"

"வருவான். இல்லத்தில உனக்கு என்ன குறை? நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நித்திரை."

"பட்டியில கட்டின மாட்டுக்கும் அப்பிடித்தான்."

அதிபர் பெருமூச்சு விட்டார். ஆசிரியர் கூட்டங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்த பெருமூச்சு அது. "நீ உடம்பைக் கவனிக்கேல்லை, பார்வதி. என்னைப் பார். ஒழுங்கா நடந்தனான், ஒழுங்காச் சாப்பிட்டனான்."

"ஓம். நீங்கள் சாப்பிட்டனீங்கள்."

அவர்களுடைய அப்பர் கடலோடு போன வருடம், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலிருந்து பிள்ளையில்லாத மாமி ஒரு பெட்டையை வளர்க்கக் கொண்டுபோக வந்தார். கேட்டு வந்தது சின்னதைத்தான். சின்னதென்றால் பெத்த தாயைச் சுறுக்காக மறந்துவிடும். ஆனால் அந்தக் கிழமை பார்வதிக்குத் தலை முழுக்கச் சிரங்கு. மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு மூத்ததைக் கூட்டிப் போனார். வள்ளிப்பிள்ளை சத்தியபாமா ஆனது அப்படித்தான். காலமை அவித்த முட்டை, படுக்கும்போது பால், காலுக்குச் செருப்பு, படிக்க மேசை, பிறகு கலாசாலை, பதவி, ஓய்வூதியம். முதியோர் தினம்தோறும் அவர் ஆற்றும் 'ஆரோக்கிய முதுமை நம் கையில்' என்ற உரையில் சுயகட்டுப்பாடு வரும், நடைப்பயிற்சி வரும், நல்லெண்ணம்கூட இரண்டு தடவை வரும். சிரங்கு வராது.

பார்வதிக்குச் சிரங்கு ஆறியது. ஆறாதவை வேறு. நல்ல தண்ணீர்க் கிணறு ஊரின் மற்றக் கோடித் தொங்கலில் இருந்தது. ஏழு வயதில் குடம் இடது இடுப்பில் ஏறியது. வளர வேண்டிய இடுப்பு, குடத்துக்குத் தோதாக வளர்ந்தது. ஒடியல் கூழ் இருந்த நாளில் கூழ், இல்லாத நாளில் அந்தக் குடத்துத் தண்ணீர். பதினாறில் கலியாணம். நாலு பேறு, ஒவ்வொன்றும் முடிந்த கிழமையே எருப் பொறுக்கப் போனாள். ஒன்றைக் காய்ச்சல் கொண்டுபோனது, ஒன்றைக் கடல், ஒன்றைச் சண்டை. மிஞ்சினவன் கட்டாரில், ரெலிபோனுக்குள் இருக்கிறான். இப்போது வயது எழுபத்துநாலு. தொண்ணூறு என்று சொன்னால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

கரை மறையும் நேரத்தில், கீழ்த்தட்டிலிருந்து கைப்பையோடு ஒருவர் ஏறிவந்து அதிபர் முன்னால் குனிந்தார்.

"ரீச்சர், என்னைத் தெரியுதோ? பிரதாபன். உங்களிட்டைப் படிச்சனான். போன கிழமைதான் இஞ்சத்தை வங்கிக்கு மாத்தலாகி வந்தனான்." நிமிர்ந்து வியந்தார். "நீங்கள் அப்பிடியே இருக்கிறியள், ரீச்சர். ஒரு மாற்றமும் இல்லை."

அதிபரின் முகம் திருவிழாப் பந்தலைப் போல வெளிச்சமாயிற்று. பிரதாபனின் கண் பக்கத்தில் குந்தியிருந்த உருவத்துக்குப் போனது. "அம்மாவோ, ரீச்சர்?"

இங்கே ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், பிரதாபன் இரண்டு முகங்களையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடத் தொடங்குவார். தலைமயிர்ச் சாயம்வரை கணக்குப் போவதற்கு அதிக நேரம் எடுக்காது.

"ஓம்," என்றார் அதிபர். "இப்ப நல்லா ஏலாமப் போச்சு."

ஏரம்பு கேட்டார். மேர்வின் கேட்டான். சுற்றியிருந்த தீவுச் சனம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு மணித்தியாலக் கடற்பயணத்தில் இப்படி ஒன்று இலவசமாகக் கிடைப்பது அருமை.

"குடுத்து வைச்சனீங்கள், ரீச்சர்," பிரதாபன் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் சொன்னார். "இந்தக் காலத்தில ஆர் தாயைப் பாக்கினம்?" அதிபர் தலையைச் சற்றுத் தாழ்த்தினார், மாலை போட வருகிறவர்களுக்குத் தாழ்த்துவதுபோல.

"பிள்ளை," என்றாள் பார்வதிப்பிள்ளை.

ஒருவரும் திரும்பவில்லை.

"உன்னைத்தான் பிள்ளை. அந்தத் தண்ணிக் கானை எடு."

வாழ்நாள் முழுக்க அக்காவை 'நீங்கள்' என்று அழைத்தவள் அவள். அதிபர் வாயைத் திறந்தார். தாயைப் பெயர் சொல்லி அதட்ட முடியாது என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது. கானைத் தூக்கி மூடியில் தண்ணீர் வார்த்தார்.

"சிந்தாமல் வார். சின்னனிலயும் இவள் இப்பிடித்தான் தம்பி, ஒரு வேலைக்கும் வணங்காள்."

பிரதாபன் மகிழ்ந்து சிரித்தார். ஏரம்புவுக்குப் புரையேறியது.

"கால் விறைக்குது பிள்ளை. பிடிச்சு விடு."

அதிபர் குனிந்து பிடித்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வில்லாக வளைந்து கிடப்பது சேலைக்கு மேலாலேயே கைக்குத் தெரிந்தது. மூப்பில் வளைந்ததல்ல, வளரும்போதே வளைந்தது. அவர் கையை எடுக்கப் பார்த்தார்.

"எடாதை," என்றாள் தங்கச்சி. "அமத்து."

"இனி என்ன அம்மா," என்றார் பிரதாபன், "மகளோட யாழ்ப்பாணத்தில சந்தோசமா இருக்கலாம்."

"எங்க தம்பி. இல்லத்திலயெல்லோ விடப் போறா. ஏத்திப்போற வானுக்கும் சொல்லியாச்சு."

பிரதாபனின் சிரிப்பு மெல்ல இறங்கியது. பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "பெத்த தாயையோ," என்றது. அவளுக்குப் பார்வதிப்பிள்ளையைச் சின்ன வயது முதல் தெரியும்.

குறிகட்டுவானில் இல்லத்து வான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பிரதாபன் பார்வதிப்பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டுபோய்த் துறையில் ஒரு சீமெந்துக் கட்டின்மேல் இருத்தினார். வானைப் பார்த்தார். "என்ர கார் நிக்குது, ரீச்சர். இரண்டு பேரையும் உங்கட வீட்டை கொண்டுபோய் விடுறன்." கேள்வியாகக் கேட்கவில்லை.

அதிபர் தொண்டையைச் செருமினார். "பிரதாபன், இவ என்ர அம்மா இல்லை. தங்கச்சி. என்னிலும் பார்க்க இளமை."

பிரதாபன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிர்ந்த முதுகு, கறுத்த கொண்டை, வெள்ளைச் சப்பாத்து. பல்லில்லாத வாய், ஒரு பக்கம் ஏறிய இடுப்பு, நடுங்கும் விரல்.

"ரீச்சர்," என்றார் தாழ்ந்த குரலில், "பொய் சொன்னால் எங்களை வெயிலில முழங்காலில விடுவியள்."

"ஏரம்புவைக் கேளும்."

"ஐயா, இவ ரீச்சருக்கு என்ன முறை?"

ஏரம்பு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குக் கண் வடிவாத் தெரியாது தம்பி. அதுக்குத்தான் கிளினிக்குக்குப் போறன்."

அதிபர் தங்கையின் பக்கம் திரும்பினார். குரலில் முதல்முறையாக ஒழுங்கு குலைந்திருந்தது. "நீயாவது சொல்லு பார்வதி."

"நான் என்னத்தைச் சொல்ல," என்றாள் பார்வதிப்பிள்ளை. "பாக்கிறவைக்குத் தெரியுதுதானே."

ஒரு பக்கம் வானின் கதவு, மறு பக்கம் காரின் கதவு. இரண்டும் திறந்தே கிடந்தன. பிரதாபன் பார்வதிப்பிள்ளையைக் கைத்தாங்கலாக எழுப்பினார். அப்போதுதான் மேர்வின் படகிலிருந்து குரல் கொடுத்து, மறந்துபோன தண்ணீர்க் கானைத் துறையில் வைத்தான். யாரும் அதை எடுக்க வரவில்லை. அதிபர் கைபிடியில் தூக்கினார். கைபிடி விரல்களை அறுத்தது. மறுகைக்கு மாற்றினார், குடை விழுந்தது. பிறகு வேறு வழியில்லாமல் கானை இடது இடுப்பில் ஏற்றினார். அது வழுகியது. இடுப்பை ஒரு பக்கமாகத் தூக்கிக் கொடுத்தால்தான் நிற்கும். அந்த வித்தை தெரிந்தவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் முறை வழுகியபோது சத்தியபாமா உடம்பை வலப்பக்கம் சாய்த்து இடுப்பை உயர்த்தினார். கான் நின்றது. மூடி இறுக்கமில்லாமல் தண்ணீர் கசிந்து, சேலையால் ஓடி, ஒரு சப்பாத்தை மட்டும் நனைத்தது. அப்படியே, ஒரு பக்கம் ஏறிய இடுப்புடன், கதவுகளை நோக்கி நடக்கத் தொடங்கினார்.